பந்தலில் பானை, புழக்கடையில் பாத்தி

தோழனே!

கோடை வந்துவிட்டது, கூடவே தண்ணீர்ப் பந்தலும் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பேருந்து நிறுத்தத்திலும், திருவள்ளூர்த் தேரடியிலும், பொன்னேரிக் கடைவீதியிலும், ஊத்துக்கோட்டைச் சாலை முனையிலும், எந்தக் கட்சியின் கொடி எந்தக் கம்பத்திலே பறந்தாலும், அந்தக் கம்பத்தின் அடியிலே ஒரு கீற்றுப் பந்தல்; பந்தலின் கீழே இரண்டு மண்பானை; பானையின் கழுத்திலே பூச்சரம்; பக்கத்திலே தர்ப்பூசணியும் வெள்ளரியும் வெட்டி அடுக்கிய தட்டு. திறந்து வைக்க ஒரு பெரியவர், வரவேற்க ஒரு வட்டம், நன்றி கூற ஒரு கிளை. மறுநாள் ஏட்டிலே படம். படத்திலே எல்லோருடைய முகமும் தெரியும்; தாகத்தோடு வந்தவன் முகம் மட்டும் தெரியாது.

முதல் நாள் மோர். இரண்டாம் நாள் நீர்மோர். மூன்றாம் நாள் நீர். நான்காம் நாள்? பானை!

மாற்றுக் கட்சிக்காரன் மேடையேறி இதைச் சொன்னால் நீ சீறுவாய். அதனாலேதான் நம் ஏட்டிலே, நம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலே, நானே சொல்லி வைக்கிறேன். பந்தல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். சுட்டெரிக்கும் சாலையிலே சுமை இறக்கிவிட்டு நிற்கும் தொழிலாளிக்கு ஒரு செம்பு நீர் கொடுப்பதைவிடச் சிறந்த பிரசாரம் எதுவும் இல்லை. ஆனால் பந்தலைச் சுற்றிலும் பார். நூற்றுக்கணக்கிலே கோப்பைகள், காற்றடித்தால் கால்வாய்க்குள், மழை வந்தால் ஏரிக்குள். "காகிதக் கோப்பைதானே" என்பாய். உட்புறத்தைக் கீறிப் பார்; பளபளப்பது பிளாஸ்டிக்குப் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலே தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே அந்தக் கோப்பைக்கும் ஓர் இடம் உண்டு. தாகம் தீர்க்கும் தருமத்தைச் செய்கிறோம். செய்கிற இடத்திலேயே சட்டத்தையும் காலில் மிதிக்கிறோம்! நாலு எவர்சில்வர்க் குவளையும், அவற்றைக் கழுவ ஒரு வாளியும் வைத்தால் கட்சி நிதி கரைந்தா போகும்?

"அரசியல் கட்டுரைக்கு உரிய பக்கத்திலே கோப்பையையும் குப்பையையும் கொண்டுவந்து கொட்டுகிறானே" என்று முணுமுணுக்காதே. இன்னும் சற்று நேரத்திலே கீரைப் பாத்தியையும் கொண்டுவரப் போகிறேன். பொறுத்திரு. அதற்கு முன்னே ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். கல்லூரிப் படிப்பை முடிக்காமலே வெளியே வந்தவன் நான். எனினும் கூட்டலும் பெருக்கலும் எனக்கு வரும்.

பூண்டி நீர்த்தேக்கம், 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. புழல் ஏரி 3,300. சோழவரம் 1,081. 2020 நவம்பரிலே திறந்து வைக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500. கூட்டிப் பார்: எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மில்லியன் கன அடி. அத்தனையும் நம் மாவட்டத்து மண்ணிலே தேங்கி, தலைநகரத்துக்குப் போகும் தண்ணீர். அது மட்டுமா? 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணை நதியிலிருந்து ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்றார்கள், 1996-இலே முதன்முறையாக அந்த நீர் ஆந்திர எல்லையைக் கடந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் வந்தது. ஒப்பந்தத்திலுள்ள அளவு முழுமையாக வந்து சேர்ந்த ஆண்டைத் தேடிக் கண்டுபிடிப்பவனுக்கு நான் மாலை போடுகிறேன். அது வேறு கதை. வந்த நீரும் நம் நிலத்தின் வழியேதான் போகிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலே, 2010-இலே, நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதுவும் நம் கரையிலேதான்.

இத்தனைக்கும் நடுவே வாழ்கிறவன் வீட்டு வாசலிலே என்ன நிற்கிறது? காலிக் குடங்களின் வரிசை!

தலைநகரத்து மக்கள் நம் பகைவரல்லர், தோழனே. அவர்களும் தவித்தவர்களே. 2019-ஆம் ஆண்டுக் கோடையிலே ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளிலே இருபத்தைந்து லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. தண்ணீருக்கு மாலையிட்டு வரவேற்ற காலம் அது! நான் சுட்டிக் காட்ட விரும்புவது வேறு. ஆரணியாறும் கொசத்தலையாறும் ஓடிய படுகையிலே, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களிலே ஆழ்துளைக் கிணறுகளை இறக்கி, நகரத்துக்கும் ஆலைக்கும் நீரை உறிஞ்சினார்கள். உறிஞ்சிய இடம் வெற்றிடமாக நிற்குமா? கடல் உள்ளே வந்தது. 1960-களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியிலே உப்பு நுழைந்ததை வல்லுநர்கள் கண்டறிந்து சொன்னார்கள். அதன் பிறகும் அது பல கிலோமீட்டர் உள்ளே நடந்து வந்திருக்கிறது. படையெடுத்து வந்த பகைவனையாவது ஒரு நாள் துரத்தலாம். நிலத்தடியிலே நுழைந்த உப்பைத் துரத்தத் தலைமுறை தேவை. 1987-இலே சட்டம் ஒன்று பிறந்தது. சென்னையைச் சுற்றிப் பட்டியலிட்ட சிற்றூர்களிலே உரிமமின்றி நிலத்தடி நீரை எடுத்து வண்டியிலே ஏற்றிப் போகக்கூடாது என்று அது சொன்னது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. லாரி ரோட்டிலே இருக்கிறது.

இனி, ஒரு காட்சி. நாடகம் எழுதிப் பழகிய கை. இடம் கிடைத்தால் திரையைத் தூக்கிவிடுகிறது.

இடம்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு வரிசை வீடு. நேரம்: இரவு பத்து மணி. கிளைச் செயலாளர் கூட்டம் முடித்துத் தோளிலே துண்டும் முகத்திலே வெற்றியுமாக உள்ளே நுழைகிறார்.

"என்ன கைதட்டல் தெரியுமா! தண்ணீருக்காக இந்தத் தரணியே போர் தொடுக்கும் நாள் தொலைவில் இல்லை என்று நான் முழங்கியபோது, முன்வரிசையே எழுந்து நின்றது!"

"முழங்கியது போதும், அத்தான். கைகால் கழுவிக்கொண்டு வாருங்கள். குழாயைத் திருகாதீர்கள், காற்றுதான் வரும். அண்டாவின் அடியிலே ஒரு செம்பு இருக்கிறது."

"இன்றும் வரவில்லையா?"

"மூன்று நாளாயிற்று. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் தண்ணீரைப் பற்றிய கூட்டத்திலே இருந்தீர்களே!"

அவர் பேசாமல் கைகழுவுகிறார். கழுவிய நீரைச் சாக்கடையிலே கொட்டத் தட்டைத் தூக்குகிறார்.

"ஐயோ, நில்லுங்கள்! அது முருங்கைக்கு!"

திரை விழட்டும்.

அந்த அம்மையாருக்கு எவரும் நீர்ச் சிக்கனத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. இல்லாமை அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அரிசி கழுவிய நீரிலே காயை அலசுவார். காயை அலசிய நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவார். பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்கு. மீந்த சோறு நீராகாரம். அதிலும் மீந்தால் வெயிலிலே வடகம். இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து, நீச்சல் குளத்தோடு மாளிகை கட்டியவன் "சிக்கனம் கடைப்பிடியுங்கள்" என்று உபதேசம் செய்கிறான் பார், அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் குருதி கொதிக்கிறது. உலகத்திலே 2022-ஆம் ஆண்டிலே மட்டும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதிலே நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலே என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. கணக்கு சரி. ஆனால் "வீடு" என்ற ஒரே சொல்லுக்குள்ளே இரண்டு வீடுகள் அடைபட்டிருக்கின்றன. ஒன்றிலே குளிர்பெட்டி நிரம்பி வழிகிறது. மற்றொன்றிலே அடுக்குப் பானையின் கடைசிப் பருக்கையும் காலையிலே கரைத்துக் குடிக்கப்படுகிறது. நம் இயக்கத்தார் வீட்டுத் திருமணங்கள் எந்த வீட்டைச் சேர்ந்தவை என்பதை நீயே முடிவு செய்துகொள். மண்டபத்தின் பின்புறம் சென்று இலைகளைப் பார்த்தால் போதும்.

ஆக, சிக்கனம் தெரிந்தவளுக்குச் சிக்கனம் சொல்ல நான் வரவில்லை. பந்தல் திறக்கும் உனக்கும் எனக்கும் சொல்ல வந்தேன். கைகழுவிய நீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோகும் அந்தச் செயலாளருக்குச் சொல்ல வந்தேன்.

சொல்கிறேன், கேள். 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், சிற்றூர் வீட்டுக்கு ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. ஐவர் வாழும் வீட்டுக்கு 275 லிட்டர். அது வருகிறதா என்பதைப் பிறகு பேசுவோம். வந்தது என்றே கொள். அதிலே அரிசி, பருப்பு, காய் கழுவியது, சோப்பு போன பிறகு துணியைக் கடைசியாக அலசியது, இவை இருபது லிட்டராவது தேறும். கோடையிலே ஒரு சதுர மீட்டர் பாத்தி, வெயிலுக்கும் வேருக்குமாக நாள் ஒன்றுக்கு ஐந்தாறு லிட்டர் கேட்கும். அப்படியானால் இருபது லிட்டரிலே மூன்று சதுர மீட்டர். ஒரு கயிற்றுக் கட்டிலும் அதன் பக்கத்திலே ஒரு பாயும் போட்டால் அடைக்கும் இடம், அவ்வளவுதான். முளைக்கீரை தூவினால் இருபத்தைந்து நாளிலே பிடுங்கலாம். அரைக்கீரை என்றால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கொத்தவரையும் வெண்டையும் வெயிலுக்கு அஞ்சாத வீரர்கள்.

குளித்த நீர், பாத்திரம் துலக்கிய நீர், இவற்றிலே சோப்பும் உப்பும் உண்டு. அவை கீரைக்கு ஆகா. வாழைக்கும் கல்வாழைக்கும் முருங்கைக்கும் விடு. அதுவும் ஒரே மரத்தின் அடியிலே நாள்தோறும் கொட்டாமல் மாற்றி மாற்றி விடு, மண் இறுகிவிடும். வாளியிலே பிடித்த நீரை மறுநாளுக்கு வைக்காதே. நாற்றம் ஒரு பக்கம். டெங்குவைத் தூக்கிவரும் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாக முடியும் மறுபக்கம்.

பாத்தியை வெறும் மண்ணாக விடாதே. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பு. உழவர்கள் இதை மூடாக்கு என்பர். வெயில் மண்ணைத் தொடாது. மண் நீரை விடாது. நண்பகலிலே நீர் விடாதே, பாதி ஆவியாய்ப் போகும். அந்தி சாய்ந்த பின் விடு.

பந்தல் பானை இரண்டு சொன்னேனே, அவற்றுக்கும் வேலை இருக்கிறது. கோடை முடிந்து பந்தலைப் பிரித்ததும் அவை எங்கே போகின்றன? அடுத்த ஆண்டு புதுப்பானை வாங்குகிறோம் என்றால், பழைய பானை குப்பையிலே உடைந்தது என்பது பொருள். அதை எடுத்து வா. கழுத்துவரை மண்ணிலே புதை. சுற்றிலும் நாலு பாகல் விதையோ புடலை விதையோ ஊன்று. பானையை நிரப்பி வாயை ஒரு ஓட்டால் மூடு. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே நீர் மெல்ல மெல்லக் கசியும். வேர் தேடிவந்து பருகும். மேலே ஊற்றி வெயிலுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கட்சிக் கொடியின் வண்ணத்தைப் பானைக்குப் பூசிவிட்டால் கசியாது. வண்ணத்தைத் துண்டிலே வைத்துக்கொள்.

"புழக்கடை இருப்பவனுக்கல்லவா இந்தப் பாட்டு! எனக்கு இருப்பது பத்தடி அறை, வீட்டுக்காரர் வாசலிலே செருப்பு விடவே முகம் சுளிக்கிறார்" என்கிறாயா? அரிசி வந்த சாக்கு இருக்கிறது, விரிசல் விட்ட வாளி இருக்கிறது, எண்ணெய்த் தகரம் இருக்கிறது. செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. அடியிலே இரண்டு துளை. சன்னல் விளிம்பு போதும், கறிவேப்பிலையும் மிளகாயும் வளரும். அடுத்த அறையிலே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உருக்காலையிலே உழைக்கும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் முடங்கிக் கிடப்பார்கள். அவர்கள் கையிலே ஒரு பிடி கீரை விதையைக் கொடுத்துப் பார். அவர்கள் மொழியிலே கீரைக்குச் 'சாக்' என்றும் 'சாகா' என்றும் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த முகங்கள் மலர்வதைக் காண்பாய். அவர்களிடம் நம் இயக்கத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி இதுதான்.

இப்போது ஒரு எச்சரிக்கை. மற்ற ஊரிலே தோட்டம் போடச் சொல்பவன் மண்ணைக் கேட்க வேண்டியதில்லை. நம் ஊரிலே கேட்க வேண்டும். இரும்பை உருக்கும் உலைகளும், வேதிப்பொருள் ஆலைகளும், தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைப் புதைக்கும் நிலையமும் இருக்கும் கும்மிடிப்பூண்டி இது. கீரை நல்லது, ஆனால் ஈயத்தையும் காட்மியத்தையும் மண்ணிலிருந்து இலைக்கு ஏற்றிக்கொள்வதிலும் அது முந்திக்கொள்ளும். ஆலை வேலியை ஒட்டியும், கழிவுநீர்க் கால்வாயின் கரையிலும் கீரை விதைக்காதே. அங்கே நிழல் மரம் வை. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து சாக்கிலே போட்டு வளர். இலைமேல் கரித்தூசி படிந்தால் நன்கு அலசாமல் சமைக்காதே. தன் வாசலிலே வளரும் கீரையை அஞ்சி அஞ்சி உண்ணும்படி ஒருவனை ஆக்கியது எது என்ற கேள்வி அலசும்போதெல்லாம் உன் நெஞ்சிலே எழும். எழட்டும். அந்தக் கேள்விக்கு விடைசொல்ல மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. மண்ணையும் நீரையும் சோதித்து முடிவை ஊரார் படிக்கும் தமிழிலே ஒட்டச் சொல்.

குப்பைக்கு வருகிறேன். நம் வீட்டுக் குப்பையிலே பாதிக்கும் மேல் ஈரக்குப்பை: தோல், தண்டு, தேங்காய் நார், தேயிலைச் சக்கை. இது குப்பையே அல்ல, வழி தவறிய எரு. துளையிட்ட பழைய குடம் ஒன்று எடு. ஒரு பிடி தோல் போட்டால் இரண்டு பிடி காய்ந்த இலை போடு. வாரம் ஒருமுறை கிளறு. புளித்த மோர் ஒரு கரண்டி தெளி. ஈ மொய்த்தால் காய்ந்த இலை போதவில்லை என்று பொருள். ஐம்பது அறுபது நாளிலே மண் மணம் வீசும் எரு. அதே சாக்குக்கும் அதே பாத்திக்கும் அதுவே உணவு.

மீந்தது உலர்ந்த குப்பை. 2016-ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. நாம் என்ன செய்கிறோம்? ஈரத்தையும் காய்ந்ததையும், குழந்தையின் அணையாடையையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையிலே முடிந்து கொடுக்கிறோம். ஊராட்சியின் தூய்மைக் காவலராக வரும் சகோதரி அதைக் கையால் பிரிக்கிறாள். சமத்துவம், சுயமரியாதை என்று மேடையிலே நாம் பேசும்போது அவள் கூட்டத்தின் ஓரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். மறுநாள் காலை உன் வீட்டுப் பையை அவிழ்ப்பவளும் அவளே. இன்னும் சிலர் அந்தத் தொல்லையும் வேண்டாமென்று தெருமுனையிலே குவித்துக் கொளுத்துகிறார்கள். ஆலைப் புகை போதாதென்று நம் பங்குக்கும் புகை!

தோட்டம் போடு என்று சொன்ன அரசுகள் உலகத்திலே பல உண்டு. 1939-இலே போர் மூண்டதும் பிரிட்டனிலே பூங்காக்களையும் புல்வெளிகளையும் கிண்டிக் கிழங்கு நடச் சொன்னார்கள், மக்கள் நட்டார்கள். 1965-இலே உணவுப் பஞ்சமும் போரும் சேர்ந்து வந்தபோது பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தம் வீட்டுப் புல்தரையையே உழுது காட்டினார். அதிலே ஒரு நேர்மை இருந்தது. சொன்னவர் முதலில் செய்தார். 2022-ஆம் ஆண்டு இலங்கையிலே நடந்ததோ வேறு. 2021-இலே வேதி உரத்தை ஒரே ஆணையிலே தடைசெய்தார்கள். வயல் வாடியது, தேயிலை வாடியது. தடையை அதே ஆண்டு விலக்கிக்கொண்டும் பயன் குறைவு. அன்னியச் செலாவணியும் வறண்டுபோயிற்று. பின்னர் 2022 ஜூன் மாதத்திலே அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு அளிக்கிறோம், வீட்டுத் தோட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜூலையிலே குடியரசுத் தலைவரே நாட்டைவிட்டு ஓடினார். ஆள்வோர் செய்த கேட்டை அவரைக்கொடி மறைக்காது என்பதற்கு நமக்கு நெருங்கிய சாட்சி அது.

ஆகவே, "வீட்டுக்கு வீடு கீரை போட்டுவிட்டால் வறட்சி ஒழிந்தது" என்று நான் கூறுவதாக எண்ணிக்கொள்ளாதே. நம்மிலே இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஆலைக்காரன் கோடிக் கணக்கிலே உறிஞ்சுகிறான், நான் அரைச் செம்பு மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது" என்று கேட்கும் கூட்டம். கேள்வியிலே பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி சோம்பல். ஆலைக்காரனிடம் போய் அளவு கேட்பவனுக்குத் தன் வீட்டு அளவு தெரிந்திருக்க வேண்டும். 275 லிட்டரை நாள்தோறும் கண்ணால் அளந்து பழகியவன் முன்னால் நின்று, "நாங்கள் கொஞ்சம்தான் எடுக்கிறோம்" என்று எந்த மேலாளராலும் கதை சொல்ல முடியாது.

செய்ய முடியாததையும் நாம் கேட்கவில்லை. 2019-இலே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நகரத்துக் கழிவுநீரைப் பலமுறை வடித்து, சவ்வு வழியே அழுத்தித் தூய்மையாக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாள் ஒன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு. இரும்பைக் குளிர்விக்கவும் கொதிகலனை நிரப்பவும் குடிநீர் எதற்கு? நகரம் கழித்த நீரிலே ஆலை ஓடும் என்று மெய்ப்பித்துக் காட்டிய பிறகு, ஏரிப்பாசனக் கிணற்றடியிலே வரிசையாக நிற்கும் லாரிகளுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

மழையையும் மறவாதே. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பைத்தான் வைத்தார். நம் மாவட்டத்திலே ஆண்டுக்குச் சராசரி ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்திலே. ஐந்நூறு சதுர அடிக் கூரை, சுமார் 46 சதுர மீட்டர். ஒரு மீட்டர் மழை என்றால் 46,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக முப்பத்தைந்தாயிரம் என்று வை. 2003-இலே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எல்லா வீட்டிலும் குழாய் இறங்கியது, பல வீட்டிலே அந்தக் குழாய் தூர்ந்த குழியிலே முடிகிறது. ஐப்பசியிலே கார் இருண்ட பிறகு குழி வெட்ட முடியாது. இந்தக் கோடைதான் தூர்வாரும் காலம். கிளை மன்றத்திலே பத்து இளைஞர் உண்டல்லவா? ஞாயிறு ஒன்றுக்குத் தெருவிலே ஐந்து வீடு.

இனி மே 1. உழைப்பாளர் நாள், கொடியேற்றுவோம், ஊர்வலம் போவோம். அதே நாளிலே ஊராட்சிகளிலே கிராம சபையும் கூடுகிறது என்பதைப் பல தோழர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊர்வலம் முடித்து நிழலுக்கு ஒதுங்குமுன் அங்கே போ. தனியாகப் போகாதே, குடத்தோடு வரிசையிலே நிற்கும் தாய்மாரை முன்னே அமர்த்து. அந்த அம்மையாரைப் பேசச் சொல், நீ முழங்காதே. கேட்க வேண்டியவை: நம் ஊர் எல்லையிலே நாள் ஒன்றுக்கு எத்தனை லாரி நீர் ஏற்றுகிறது, எந்தக் கிணற்றிலிருந்து, எவர் உரிமத்திலே? ஆலை ஒவ்வொன்றும் எந்த நீரிலே ஓடுகிறது? ஆள் ஒன்றுக்கு 55 லிட்டர் சென்ற மாதத்திலே எத்தனை நாள் வந்தது? ஊர்க் குடிநீர்க் கிணற்றைக் கடைசியாகச் சோதித்தது எந்நாள், முடிவு என்ன? தரம் பிரித்த குப்பை வண்டியிலே மறுபடி ஒன்றாய்க் கலக்கிறதா?

வாயால் கேட்டதற்கு வாயால் விடை வரும். தாளிலே எழுதிக் கொடு. தீர்மானப் புத்தகத்திலே ஏறும்வரை இடத்தைவிட்டு எழாதே. நகல் ஒன்று வாங்கி, ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாகக் குறித்து, நம் ஏட்டின் அலுவலகத்துக்கு அனுப்பிவை. வந்த விடைகளையும் வராத விடைகளையும் மே மாதத்து ஞாயிறுகளிலே இதே பக்கத்திலே ஊர் வாரியாக வெளியிடுவோம்.